மின்னோட்டத்தை வரம்புக்குள் நிறுத்தும் சுவிட்ச்: பியூஸ் செய்யாத வேலை எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கழகத்துக்காக நீங்கள் அமைத்திருக்கும் செய்முறைப் பலகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 5 வோல்ட், 10 ஆம்பியர் மின்வழங்கி ஒன்று; அதிலிருந்து பிரியும் எட்டு முனைகள்; முனைக்கு ஒரு மாணவர் குழு; எல்லாவற்றுக்கும் பொதுவாக 10 ஆம்பியர் கண்ணாடி பியூஸ் ஒன்று. ஒரு நாள் ஒரு குழுவின் முதலைக் கவ்விகள் இரண்டும் முனைக்கு அருகிலேயே ஒன்றையொன்று தொட்டதும், எட்டுக் குழுக்களின் மின்னணுப் பலகைகளும் ஒரே நேரத்தில் அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கின. இன்னொரு நாள் ஒரே ஒரு குழு மட்டும் வேலை செய்துகொண்டிருந்தபோது மெல்லிய வயரின் உறை உருகிப் புகைந்தது. இரண்டு நாளும் பியூஸ் போகவில்லை. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சுவிட்ச் போடும்படி ஒரு நண்பர் சொன்னார் என்றும், பியூஸ் இருக்கும்போது அது எதற்கு என்றும், அது எப்படிக் காப்பாற்றுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நண்பர் சொன்னது சரியான வழி. செம்பனை ஆலையில் கருவிப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில், இந்த இரண்டு பழுதுகளையும் பெரிய அளவில் அடிக்கடி பார்க்கிறேன். குழந்தைகளின் கைகள் புழங்கும் இடம் என்பதால் மேலோட்டமாகச் சொல்லிவிட மனம் வரவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உருகிய வயரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பியூஸ் பற்றிய தவறான நம்பிக்கை அங்கேதான் தெளிவாக வெளிப்படுகிறது. செய்முறைக்குப் பயன்படும் மெல்லிய இணைப்பு வயரின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 0.08 சதுர மில்லிமீட்டர் இருக்கும். அந்த அளவுள்ள செம்பின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்று வைத்தால் 0.43 ஓம், கவ்விகளும் தொடுமுனைகளும் சேர்ந்து மொத்தம் 0.6 ஓம் என்று கொள்வோம். அந்த வயரின் மறுமுனையில் ஷார்ட் ஆனால் ஓடக்கூடிய மின்னோட்டம் 5 வோல்ட்டை 0.6 ஓமால் வகுத்து வருவது, அதாவது ஏறத்தாழ 8.3 ஆம்பியர். இது உங்கள் 10 ஆம்பியர் பியூஸின் அளவுக்குக் கீழே இருக்கிறது. பியூஸின் கண்ணுக்கு அது ஷார்ட்டே இல்லை, வழக்கமான சுமைதான்; மின்வழங்கிக்கும் அப்படியே. ஆனால் அந்தச் சுற்றில் 41 வாட் வெப்பம் எழுகிறது. அதில் 30 வாட் அளவு அந்த மெல்லிய வயருக்குள்ளேயே எழுகிறது. ஒரு சிறிய சால்டரிங் இரும்பின் வெப்பத்தை இரண்டு மீட்டர் வயருக்குள் ஏற்றினால் உறை உருகாமல் என்ன செய்யும்? பியூஸ் போகாததற்குக் காரணம் அது பழுதாக இருந்தது அல்ல. அதைப் போட்ட இடமும் அளவும் அந்த வயரைக் காப்பதற்கானவை அல்ல.

பியூஸ் என்பது மின்னோட்டத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. அளவும் நேரமும் சேர்ந்து தரும் வெப்பத்தைப் பார்க்கிறது. அனைத்துலகத் தரத்தின்படி செய்யப்பட்ட சிறு கண்ணாடி பியூஸ்கள் தம் அளவைப்போல் ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தைக் குறைந்தது அரை மணி நேரமாவது தாங்க வேண்டும் என்பதே விதி. அதாவது 10 ஆம்பியர் பியூஸ் 15 ஆம்பியரில் அரை மணி நேரம் போகாமல் இருந்தால் அது தரமான பியூஸ். அதை உருக வைக்கப் பல மடங்கு மின்னோட்டம் வேண்டும். அந்தப் பல மடங்கைக் கொடுக்க உங்கள் மின்வழங்கியால் முடியாது, ஏனென்றால் இன்றைய சுவிட்ச்முறை மின்வழங்கிகள் தம் அளவைச் சற்றுத் தாண்டியதுமே தம்மைக் காத்துக்கொள்ள மின்னழுத்தத்தைக் கீழே விட்டுவிடும். உங்கள் முதல் நாள் பழுதுக்குக் காரணம் இதுதான். முனைக்கு அருகிலேயே ஷார்ட் ஆனதால் மின்தடை மிகக் குறைவு. மின்வழங்கி தன் எல்லையைத் தொட்டு 5 வோல்ட்டைக் கைவிட்டது. அந்த 5 வோல்ட்டை நம்பியிருந்த மற்ற ஏழு பலகைகளும் சேர்ந்து அணைந்தன. லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே குழாயில் தண்ணீர் வரும்போது, முதல் வீட்டில் குழாய் உடைந்தால் கடைசி வீட்டுக்காரர் வெறும் குடத்தோடு நிற்பதைப்போன்றது இது.

எங்கள் ஆலையிலும் இதே கதை 24 வோல்ட்டில் நடக்கும். கன்வேயரின் ஓரத்தில் ஓர் உணர்கருவியின் கேபிளை எலி கடித்துவிட்டால், அந்த ஒரு கேபிளுக்காகக் கட்டுப்பாட்டுக் கணினியின் மின்சாரமே சரிந்து முழு வரிசையும் நின்றுவிடக்கூடும். அதைத் தடுக்க ஒவ்வொரு கிளைக்கும் சாதாரண எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தில் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சி வகை எம்.சி.பி. உடனடியாகத் துண்டிக்க அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் தேவை. 4 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 20 முதல் 40 ஆம்பியர் வரை வேண்டும். 10 ஆம்பியர் மின்வழங்கியால் அதைத் தர இயலாது. எனவே காவலுக்கு வைத்த கருவி விழிப்பதற்கு முன்பே மின்வழங்கி படுத்துவிடுகிறது. மின்னணு மின்வழங்கிக்குப் பின்னால் வரும் கிளைகளுக்கு மின்னணுக் காவல்தான் பொருந்தும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி அந்தச் சுவிட்சுக்குள் நடப்பதைப் பார்ப்போம். அதன் இதயம் ஒரு மோஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், அதாவது மின்னழுத்தத்தால் திறந்து மூடும் மின்னணுக் கதவு. முழுமையாகத் திறந்திருக்கும்போது அதன் மின்தடை 70 முதல் 100 மில்லி ஓம் அளவில் இருக்கும். 85 மில்லி ஓம் உள்ள சுவிட்சில் அரை ஆம்பியர் ஓடினால் இழப்பு 42 மில்லிவோல்ட், வெப்பம் 0.02 வாட், சுற்றில் அது இருப்பதே தெரியாது. அந்த மோஸ்ஃபெட் உண்மையில் ஒரே துண்டு அல்ல. ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்த தொகுப்பு. அவற்றுள் மிகச் சிலவற்றை மட்டும் தனியாகப் பிரித்து அளவுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். எல்லாம் ஒரே சில்லில் (சிப்பில்), ஒரே வெப்பத்தில், ஒரே கட்டளையின் கீழ் இருப்பதால், அந்தச் சிலவற்றில் ஓடும் சிறு மின்னோட்டம் மொத்த மின்னோட்டத்தின் நேர்விகித நிழலாக இருக்கும். பெரிய மின்தடை ஒன்றைப் பாதையில் வைத்து ஆற்றலை வீணாக்காமலே எவ்வளவு ஓடுகிறது என்பதை அறிய இது வழி செய்கிறது. இந்த அமைப்பைப் படித்த நாளிலிருந்து இதன் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அந்த நிழல் மின்னோட்டத்தை உள்ளே இருக்கும் ஓர் ஒப்பீட்டுப் பெருக்கி, நாம் வெளியே ஒரு மின்தடையால் குறித்துக்கொடுத்த வரம்போடு ஓயாமல் ஒப்பிடுகிறது. வரம்புக்குக் கீழே இருக்கும்வரை மோஸ்ஃபெட்டின் கேட், அதாவது அதைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டு முனை, முழு அழுத்தத்தில் நிற்கும். வரம்பைத் தொட்டதும் பெருக்கி கேட் அழுத்தத்தைக் குறைக்கிறது. மோஸ்ஃபெட் ஒரு சிறு மின்தடை போல நடந்துகொள்வதை விட்டுவிட்டு, வெளியே என்ன இணைத்திருந்தாலும் குறித்த அளவு மின்னோட்டத்தை மட்டுமே விடும் ஒன்றாக மாறுகிறது. பியூஸுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதில்தான் இருக்கிறது. பியூஸ் அதிக மின்னோட்டத்தை ஓட விட்டு, அதன் வெப்பத்தில் தான் அழிந்து, பிறகு நிறுத்துகிறது. இந்தச் சுவிட்சோ அதிக மின்னோட்டத்தை நீடிக்கவே விடுவதில்லை. ஷார்ட் இருந்துகொண்டிருக்கும்போதே அது இவ்வளவுதான் இழுக்கலாம் என்று எல்லை கட்டிவிடுகிறது. எல்லை 1 ஆம்பியர் என்றால், மின்வழங்கி பார்ப்பது கூடுதலாக ஒரு 1 ஆம்பியர் சுமை மட்டுமே. மற்ற ஏழு முனைகளின் 5 வோல்ட்டும் நிலையாக நிற்கிறது.

உங்கள் உருகிய வயருக்கே திரும்பிக் கணக்குப் போடுங்கள். 1 ஆம்பியர் எல்லையில் 0.6 ஓம் சுற்றில் எழும் வெப்பம் 0.6 வாட். முன்பு 41 வாட் எழுந்த இடம் அது. மீதி 4.4 வோல்ட் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்க வேண்டும். அது சுவிட்சின் மீதே விழுகிறது. ஆகவே 4.4 வாட் வெப்பத்தை அந்த மிளகளவுச் சில்லு தாங்க வேண்டியிருக்கிறது. அதன் சிறு உறைக்கு ஒரு வாட்டுக்கு 200 பாகை செல்சியஸ் வரை வெப்பம் ஏறும் தன்மை உண்டு. நிரந்தரமாகத் தாங்குவது நடக்கிற காரியமே அல்ல. பழுதின் சுமையை வயரிடமிருந்தும் மின்வழங்கியிடமிருந்தும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வதால், எவ்வளவு நேரம் தாங்குவது, எப்போது கைவிடுவது என்ற முடிவுதான் இத்தகைய சில்லுகளை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்துகிறது. வாங்கும்போது ஆம்பியரைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பார்க்கத் தவறும் செய்தியும் இதுவே.

கைவிடும் முறைகள் சில உள்ளன. முதலாவது வெப்பக் காவல்: வரம்பில் நின்றுகொண்டிருக்கும்போது சில்லின் உள்வெப்பம் 135 பாகை செல்சியஸ் போன்ற ஓர் அளவைத் தொட்டால் அது தன்னை அணைத்துக்கொள்ளும், பத்து இருபது பாகை ஆறியதும் மீண்டும் திறக்கும், ஷார்ட் நீங்காவிட்டால் மறுபடி சுட்டு மறுபடி அணையும். பழுது நீங்கியதும் தானாகவே வழக்க நிலைக்கு வந்துவிடும் என்பது இதன் நன்மை. நீங்கும்வரை வெந்து வெந்து ஆறுவது இதன் குறை. இரண்டாவது முறையில், வரம்பு மீறல் குறித்த சில மில்லிவினாடிகளைத் தாண்டி நீடித்தால் சில்லு தன்னை அணைத்து, யாராவது கட்டளை கொடுக்கும்வரை அணைந்தே இருக்கும். மூன்றாவது முறையில் அணைந்து, நீண்ட இடைவெளிக்குப் பின் ஒரு முறை முயன்று பார்த்து, பழுது இருந்தால் மீண்டும் நீண்ட ஓய்வுக்குப் போகும். சராசரி வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். நான்காவதாக, வெளியீட்டு அழுத்தம் சரியச் சரிய மின்னோட்ட எல்லையையும் சேர்த்துக் குறைக்கும் வகை உண்டு. வெப்பத்துக்கு நல்லது, ஆனால் தொடங்கும்போதே அதிகம் இழுக்கும் மோட்டார் போன்ற சுமைகள் அந்தக் குறைந்த எல்லையில் சிக்கி எழாமலே போகக்கூடும்.

ஆளில்லாத கொட்டகையில் நிற்கும் கருவிக்கு நான் மூன்றாவதைப் போடுவேன். மாணவர் மேசைக்கு என் முடிவு இரண்டாவதுதான். ஷார்ட் ஆன முனை அணைந்தே இருந்தால்தான் மாணவர் தம் இணைப்பைத் திரும்பிப் பார்ப்பார். தானாக வந்து வந்து போனால், கையில் கவ்வியைப் பிடித்தபடியே அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்யும் டி.பி.எஸ் 2553-1 என்ற சில்லு இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2.5 முதல் 6.5 வோல்ட் வரை வேலை செய்யும். எல்லையை ஏறத்தாழ 75 மில்லி ஆம்பியரிலிருந்து 1.7 ஆம்பியர் வரை ஒரு மின்தடையால் குறிக்கலாம்; மின்தடை கூடக்கூட எல்லை குறையும்; 26 கிலோ ஓம் அளவில் வைத்தால் 1 ஆம்பியர் கிடைக்கும். வரம்பு மீறல் ஏழரை மில்லிவினாடி அளவுக்கு நீடித்தால் அது பூட்டிக்கொள்ளும். 4.4 வாட்டை ஏழரை மில்லிவினாடி தாங்கினால் சில்லு உட்கொள்ளும் ஆற்றல் 33 மில்லிஜூல். வயரின் பங்கு ஐந்து மில்லிஜூலுக்கும் குறைவு. பியூஸ் காவலில் அதே சுற்று ஒவ்வொரு வினாடியும் 41 ஜூலை உட்கொண்டது. வாட் கணக்கைவிட இந்த ஆற்றல் கணக்குதான் எதையும் உருக்குவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்த ஏழரை மில்லிவினாடி வெறும் தாமதம் அல்ல. அது வேண்டுமென்றே விட்ட பொறுமை. ஒரு பலகையைச் செருகும் கணத்தில் அதிலுள்ள கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்புகள்) வெறுமையாக இருக்கும். வெறும் கெப்பாசிட்டர் சுற்றுக்கு ஷார்ட் போலவே தோன்றும். சுவிட்ச் இல்லாவிட்டால் அந்தக் கணத்தில் பத்து இருபது ஆம்பியர் பாய்ந்து மற்ற முனைகளின் அழுத்தத்தைக் குழி விழச் செய்யும். சுவிட்ச் இருந்தால் எல்லைக்குட்பட்டு நிதானமாக நிரம்பும். 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 1 ஆம்பியரில் 5 வோல்ட் வரை நிரம்ப 2.35 மில்லிவினாடி ஆகும். ஏழரைக்குள் முடிந்துவிடுவதால் சுவிட்ச் அதைப் பழுது என்று எண்ணாது. அதே இடத்தில் ஒரு மாணவர் மோட்டாரின் இரைச்சலை அடக்க 2200 மைக்ரோஃபாரட் போட்டால் 11 மில்லிவினாடி ஆகும்; பழுதே இல்லாமல் அந்த முனை ஒவ்வொரு முறையும் பூட்டிக்கொள்ளும். இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். மின்னூட்டம், மின்னோட்டம், நேரம் மூன்றும் அவர்கள் கண் முன்னே ஒன்றுக்கொன்று கட்டுப்படும்.

இந்தச் சில்லுகள் இவ்வளவு மலிவாகவும் பரவலாகவும் ஆனதற்கு யு.எஸ்.பி. ஒரு பெரிய காரணம். 1996-இல் வந்த அந்தத் தரம் யாரும் எதையும் ஓடும் கணினியிலேயே செருகலாம் என்று அனுமதித்தது. எனவே முனைகளுக்கு மிகை மின்னோட்டக் காவல் இருந்தே ஆக வேண்டும் என்றும் விதித்தது. 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு முனைக்கு 500 மில்லி ஆம்பியர், காவலின் எல்லை எக்காரணம் கொண்டும் 5 ஆம்பியரைத் தாண்டக் கூடாது, புதிதாக ஒன்றைச் செருகும்போது அண்டை முனைகளின் அழுத்தம் 330 மில்லிவோல்ட்டுக்கு மேல் சரியக் கூடாது என்றெல்லாம் குறித்திருக்கிறார்கள். உங்கள் எட்டு முனைப் பலகையும் உண்மையில் அதே வகைச் சிக்கல்தான். அதற்கெனச் செய்த விடை கடையில் கிடைக்கிறது.

இனி, சில்லின் விவரத்தாளிலேயே எழுதியிருந்தாலும் பலர் கவனிக்காமல் விடும் ஒரு பகுதிக்கு வருகிறேன். சுவிட்ச் எவ்வளவு விரைவாக இருந்தாலும் ஷார்ட்டை உணர்ந்து கேட்டை இறக்க ஓரிரு மைக்ரோவினாடி ஆகும். அந்த ஓரிரு மைக்ரோவினாடியில் மின்னோட்டத்தைத் தடுப்பது வயரின் தூண்டம், அதாவது மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை, மட்டுமே. ஒரு மீட்டர் வயருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி என்று வைத்தால், 5 வோல்ட்டில் மின்னோட்டம் மைக்ரோவினாடிக்கு 5 ஆம்பியர் ஏறும். இரண்டு மைக்ரோவினாடியில் 10 ஆம்பியர். வயரைச் சுட இது போதாது. ஆனால் சுவிட்ச் திடீரென்று பாதையை இறுக்கும்போது, மின்வழங்கியிலிருந்து வரும் வயரில் ஓடிக்கொண்டிருந்த அந்த 10 ஆம்பியர் உடனே நிற்க மறுத்துச் சுவிட்சின் உள்ளீட்டு முனையில் மோதி அழுத்தத்தை உயர்த்தும். அந்த வயரில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 50 மைக்ரோஜூல். உள்ளீட்டில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் அழுத்தம் 5-இலிருந்து 5.9 வோல்ட் வரை மட்டுமே ஏறும். வெறும் 1 மைக்ரோஃபாரட் இருந்தால் 11 வோல்ட்டைத் தொடும். 7 வோல்ட்டே உச்சத் தாங்குதிறன் கொண்ட சில்லு அதில் போய்விடும். காவலுக்கு வைத்த சுவிட்ச் முதல் ஷார்ட்டிலேயே செத்துப்போயிற்று என்று சிலர் குறைப்படுவதன் பின்னணி பெரும்பாலும் இந்தக் கெப்பாசிட்டர்தான். சுவிட்சின் கால்களுக்கு ஒட்டியே வையுங்கள். பீங்கான் கெப்பாசிட்டர் மின்னழுத்தம் ஏறும்போது தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழக்கும் என்பதால் 22 மைக்ரோஃபாரட் வைப்பது எனக்கு மனநிறைவு தரும். வெளியீட்டுப் பக்கத்தில் இதே உதை எதிர்த்திசையில், அதாவது சுழியத்துக்குக் கீழே போகும். அங்கே தரைக்கு (0 வோல்ட் பாதைக்கு) ஒரு ஷாட்கி டயோடு, அதாவது ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் உறுப்பு, போதும்.

எதிர்த்திசை மின்னோட்டத்தையும் கவனியுங்கள். சாதாரண மோஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே ஒரு டயோடு இருக்கிறது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு அது வழி விடும். ஒரு குழு தன் பலகையில் தனியாக மின்கலத்தை இணைத்துவிட்டால், அந்த மின்கலம் உங்கள் பொதுப் பாதைக்கே மின்சாரம் ஊட்டத் தொடங்கும். நல்ல சுவிட்சுகளில் இதைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. நான் சொன்ன சில்லும் வெளியீடு உள்ளீட்டைவிடச் சற்று உயர்ந்து நின்றாலே அணைந்துவிடும். வாங்கும் முன் இந்த ஒரு வரியை விவரத்தாளில் தேடிப் பாருங்கள்.

எல்லையை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். குறித்த 1 ஆம்பியர் நடைமுறையில் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடலாம், குறையலாம். குழுவின் தேவையைக் குறைந்த பக்கத்தோடு ஒப்பிடுங்கள்: 0.9 ஆம்பியருக்குள் அவர்கள் வேலை முடிய வேண்டும். வயரையும் மின்வழங்கியையும் கூடிய பக்கத்தோடு ஒப்பிடுங்கள்: எட்டு முனைகளும் ஒரே நேரத்தில் ஷார்ட் ஆனாலும் 8.8 ஆம்பியர்தான், உங்கள் 10 ஆம்பியர் மின்வழங்கி சரியாது. எட்டின் கூட்டுத்தொகை மின்வழங்கியின் அளவுக்குள் அடங்குவது உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்வாய்ப்பு, அதை 1.5 ஆம்பியர் என்று உயர்த்திக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு மோட்டார்கள் தொடங்கும் கணத்திலும், சக்கரம் சிக்கி நிற்கும்போதும், ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும். எல்லைக்குச் சற்றுக் கீழே நின்று இழுத்துக்கொண்டிருக்கும் சிக்கிய மோட்டாரைச் சுவிட்ச் கண்டுகொள்ளாது. அது சுடுவதைக் கை வைத்துத்தான் அறிய வேண்டும்.

சுவிட்ச் நேர்முனைப் பக்கத்தில் இருப்பதே சரி. சிலர் எளிது என்பதற்காக எதிர்முனையைத் துண்டிப்பார்கள். அப்போது பலகை அணைந்தது போலத் தோன்றினாலும் அதன் எல்லாப் புள்ளிகளும் 5 வோல்ட்டில் மிதக்கும். மற்றொரு பலகையோடு சமிக்ஞை வயர் இணைந்திருந்தால் மின்னோட்டம் அந்த வழியாகத் திரும்பிப் போய் அந்தப் பலகையின் உள்ளீட்டைக் கெடுக்கும்.

இந்தச் சுவிட்ச் செய்யாதவற்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பள்ளியில் ஒருவர் இது பாதுகாப்பு என்று சொன்னால் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இது மனிதரை மின்னதிர்ச்சியிலிருந்து காப்பதற்கான கருவி அல்ல. 230 வோல்ட் பக்கத்தில் அந்த வேலையைச் செய்வது சுவர்ப்பெட்டியிலுள்ள ஆர்.சி.சி.பி.; நம்மில் பலர் இன்னும் அதை இ.எல்.சி.பி. என்றே சொல்கிறோம். கையில் பிடித்துப் புழங்கும் சாதனங்களுக்கான சாக்கெட்டுகளில் அது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்க வேண்டும். செய்முறை அறையில் அது இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தான் வேலை செய்கிறதா என்பதை இந்தப் பலகைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இடிமின்னலின் மிகை அழுத்தத்தையும் இந்தச் சுவிட்ச் தடுக்காது. மின்னல் மிகுந்த நாடுகளுள் ஒன்றில் இருக்கிறோம். பிற்பகல் இருட்டிக்கொண்டு வந்தால் மின்வழங்கியின் பிளக்கைக் கழற்றிவிடுவதே நல்லது. நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றிச் செருகினால் வரும் கேட்டுக்கும் இது பொறுப்பேற்காது. அதற்கு மாற்றிச் செருக முடியாத வடிவமுள்ள கனெக்டர்தான் தீர்வு.

பியூஸைக் கழற்றிவிடவும் வேண்டாம். மோஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் பாதையைத் துண்டித்த நிலையில் போவதில்லை. ஷார்ட் ஆகி, மூட முடியாத கதவாகப் போகும். அந்த நாளில் வயரைக் காக்க மற்றொன்று இருக்க வேண்டும். பொதுவான 10 ஆம்பியர் பியூஸோடு, முனைக்கு ஒன்றாக 2 ஆம்பியர் விரைவு பியூஸ் வையுங்கள். வயர் மறுமுனையில் ஷார்ட் ஆகி 8.3 ஆம்பியர் ஓடினால் அது நான்கு மடங்குக்கு மேல். உறை சுடும் முன்பே பியூஸ் போய்விடும். தானே ஆறி மீளும் பாலிமர் பியூஸைப் போடலாமா என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டாம் காவலாக வைத்தால் தவறில்லை. முதல் காவலாக அதை நான் ஏற்பதில்லை. அது துண்டிக்கும் மின்னோட்டம் தாங்கும் மின்னோட்டத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு; சிறு மீறலுக்கு வினாடிக் கணக்கில் நேரம் எடுக்கும்; ஒரு முறை துண்டித்தபின் அதன் மின்தடை பழைய அளவுக்கு முழுமையாக இறங்குவதில்லை; தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் ஏறும் நேரத்தில் அதன் தாங்குதிறனும் குறைந்துவிடும்.

சில்லின் பழுதுக்குறி முனையை வீணாக்காதீர்கள். அது பழுதின்போது தரையோடு இணையும் ஒரு திறந்த முனை; 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாக ஒரு சிவப்பு எல்.இ.டி.யை அதனோடு இணைத்தால், எந்த மேசையில் தவறு என்பதை அறையின் கோடியிலிருந்தே பார்க்கலாம். சில்லை இயக்கவும் அணைக்கவும் கட்டளை தரும் இயக்கு முனையைத் தரையோடு ஒரு சிறு பொத்தானால் இணைத்து, வழக்கமாக 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டில் நிறுத்துங்கள். பொத்தானை ஒரு முறை அழுத்தி விட்டால் பூட்டு நீங்கும். அந்தப் பொத்தான் மாணவர் கையில் இருக்கலாமா, ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. ஆசிரியர் மேசையில் இருந்தால் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு விளக்கம் பிறக்கும் என்பதால் நான் அதையே விரும்புவேன். சில்லின் கால்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் இருப்பதால், சிறு உறைச் சில்லை ஒட்டி வயர் இணைக்க உதவும் தயார் மாற்றுப் பலகைகளை (அடாப்டர்) வாங்கிக்கொள்ளுங்கள். ஈப்போவில் கிடைக்காவிட்டால் இணையத்தில் கிடைக்கும்.

முடித்ததும் நேராக ஷார்ட் செய்து பார்க்காதீர்கள். முதலில் 10 ஓம், 5 வாட் மின்தடையை இணையுங்கள். அரை ஆம்பியர் ஓடும், முனை அணையக் கூடாது. அடுத்து 3.9 ஓம், தடையின்றி விட்டால் 1.28 ஆம்பியர் ஓடக்கூடிய சுமை, எனவே முனை உடனே பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பிறகே முனைக்கு அருகில் ஒரு முறையும், ஒரு மீட்டர் மெல்லிய வயரின் மறுமுனையில் ஒரு முறையும் ஷார்ட் செய்யுங்கள். அப்போது மற்ற ஏழு முனைகளிலும் பலகைகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவற்றில் ஒன்றில் நொடிகளை எண்ணும் நிரல் இருந்தால் அது மீண்டும் சுழியத்துக்குப் போகிறதா என்பதிலிருந்தே மின்னழுத்தம் சரிந்ததா என்பது தெரிந்துவிடும். இதே சோதனையை அறை நன்றாகச் சூடேறிய பிற்பகல் ஒன்றிலும் செய்யுங்கள். எட்டு முனைகளும் அதில் தேறிய பிறகு பலகையை மாணவர்களிடம் கொடுங்கள்.